பாய்வண்டியை இழுத்துக்கொண்டு போனது ஆர்?

2022 டிசம்பர் 11ஆம் திகதி. தென் அவுஸ்திரேலியாவில் கெயார்ட்னர் ஏரி. பேர்தான் ஏரி; தண்ணி வத்தி இறுகிப்போன வெள்ளை உப்புத்தரை அது. அதில கிளென் ஆஷ்பி எண்டவர், இயந்திரம் ஒண்டுமே இல்லாத ஒரு வண்டியை மணிக்கு 225.58 கிலோமீற்றர் வேகத்தில ஓட்டினார். வண்டியின்ர பேர் ஹொரொனுக்கு. செய்தது எமிரேட்ஸ் டீம் நியூசிலாந்து எண்ட பாய்மரப் படகு அணி. அண்டைக்கு வீசின காத்து மணிக்கு 40 கிலோமீற்றர் அளவுதான். காத்தை விட அஞ்சு மடங்குக்கு மேல வேகமா காத்தாலேயே ஓடுற ஒரு சாமான்.

இந்த வீடியோவை நான் மூண்டு நாலு தரம் பார்த்திருப்பன். பார்க்கப் பார்க்க ஒரு மொக்குக் கேள்விதான் மனசில நிண்டது. இது அங்க எப்படிப் போனது? வண்டி ஒக்லாந்தில செய்தது. நடுவில கடல் கிடக்கு. ஏரி அடிலெய்ட் நகரத்தில இருந்து 400 கிலோமீற்றருக்கு மேல, கடைசித் துண்டு கிரவல் றோட்டு. உலகத்திலேயே வேகமான காத்துவண்டிக்கு தான் பிறந்த கராஜின்ர கேற்றைத் தாண்டிப் போகத் தெரியாது. கப்பலில ஏத்தி, லொறியில ஏத்தி, தூக்கி இறக்கி, பூட்டி நிமித்தி விட்டாத்தான் அது ஓடும்.

பாய்வண்டியைப் பற்றின வரலாறுகள் சில்லு மணலில முட்டினதுக்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதியிருக்கு. சில்லு மணலில முட்ட முன்னம் நடந்ததைப் பற்றி எழுதுவம் எண்டு நினைச்சன்.

முதலில வண்டியைச் சொல்லிப்போடுறன். இங்கிலிஸில லாண்ட் யொட் எண்டு சொல்லுவினம். மூண்டு சில்லு: பின்னுக்கு ரெண்டு, முன்னுக்கு ஒண்டு. நடுவில ஒரு பாய்மரம், ஒரு பாய். ஓட்டுற ஆள் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருந்து, காலால முன்சில்லைத் திருப்பி, கையால பாய்க்கயித்தை இழுப்பார். காத்து பாயில அடிக்கேக்க வண்டி பக்கவாட்டில கவிழப் பார்க்கும். கவிழாமல் நிக்க வேணுமெண்டால் பின்சில்லு ரெண்டும் ஒண்டுக்கொண்டு எட்ட இருக்க வேணும். பாய் பெருசாக ஆக, அகலமும் பெருகும். சர்வதேசச் சம்மேளனம் மூண்டாம் வகுப்பு எண்டு சொல்லுற போட்டி வண்டிக்குப் பாய் 7.35 சதுர மீற்றர், அகலம் 3.5 மீற்றர் வரைக்கும் போகலாம். ஐரோப்பாவில றோட்டில போற சாதாரண வாகனம் ஒண்டின்ர அகலம் 2.55 மீற்றருக்கு மேல போகக்கூடாது.

பிரச்சினை முழுக்க இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவிலதான் கிடக்கு. காத்து அகலத்தைக் கேக்குது, றோட்டு ஒடுக்கத்தைக் கேக்குது.

பழங்காலத்தில இந்தப் பிரச்சினையே இருக்கேல்ல. சீனாவில காத்தால ஓடுற வண்டி பற்றி 6ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைச்சிருக்கினம். லியாங் வம்சத்து யுவான் பேரரசர் எழுதின நூலில முப்பது பேர் ஏறுற காத்துவண்டி ஒண்டு வருது. ஐரோப்பியருக்கு இந்தக் கதை போய்ச் சேர்ந்து, 1584இல ஒர்டேலியஸ் அச்சடிச்ச சீன வரைபடத்தில பாய் கட்டின வண்டிகளைப் படமாவே கீறி விட்டிருக்கு. ஆனா சீனத்தில உண்மையா றோட்டில ஓடினது அந்தப் பிரமாண்டம் இல்லை. ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி. 1790களில ஒல்லாந்துத் தூதுக்குழுவோட போன வான் பிராம் எண்டவர், தள்ளுவண்டிக்கு மேல பாய் கட்டிப் பாரம் கொண்டுபோற ஆக்களைக் கண்டு எழுதியிருக்கிறார். அங்க பாய் எண்டது விளையாட்டில்ல, தள்ளுறவன்ர நாரியைக் காப்பாத்துற சாமான். எனக்கு இந்தக் கதையில இந்தத் தள்ளுவண்டிக்காரரைத்தான் முதல் ஆளா வைக்க விருப்பம். ஏனெண்டால் அவரிட்ட வண்டியும் பாரமும் ஒண்டாவே இருந்தது. வண்டியை ஏத்த இன்னொரு வண்டி தேவைப்படேல்ல.

ஒல்லாந்தைச் சொன்னதால ஒரு கிளைக்கதை. கணித மேதை சைமன் ஸ்டெவின், ஒரேஞ்ச் இளவரசர் மொரிஸுக்குப் பாய்வண்டி ஒண்டு செய்து குடுத்தார். 1600இற்கும் 1602இற்கும் இடையில ஒருநாள் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில இருந்து பெட்டென் வரைக்கும், கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர், 28 பேரை ஏத்திக்கொண்டு ரெண்டு மணித்தியாலத்தில ஓடினதா அந்தக் காலத்து ஆக்கள் எழுதி வைச்சிருக்கினம். வண்டியில இருந்தவையில ஒருத்தர் பின்னாளில சர்வதேசச் சட்டத்தின்ர தந்தை எண்டு பேரெடுத்த ஹூகோ குரோஷியஸ். அப்ப அவருக்கு இருபது வயசும் இல்லை. இதைப் பற்றி லத்தீனில கவிதை எழுதினார். இன்னொருத்தர் பிரான்சிஸ்கோ டி மென்டோசா, ஸ்பானிய அட்மிரல். விருந்தாளியா வந்தவர் இல்லை, கைதி. 1600 ஜூலையில நியூபோர்ட் கடற்கரையில நடந்த சண்டையில மொரிஸ் அவரைப் பிடிச்சு வைச்சிருந்தார். இளவரசர் பகிடிக்கு வண்டியைக் கடலுக்குள்ள திருப்பி எல்லாரையும் வெருட்டினதாயும் ஒரு கதை.

இதில எங்களுக்கும் ஒரு தொடுசல் இருக்கு. 1602இல மட்டக்களப்பில வந்து இறங்கின ஒல்லாந்துக் கப்பற்தலைவர் ஸ்பில்பேர்கன், இதே மொரிஸ் இளவரசரின்ர பேரிலதான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்திச்சார். மன்னனுக்குக் குடுத்த சாமான்களில குதிரையில இருக்கிற மொரிஸின்ர படமும் ஒண்டு. நியூபோர்ட் சண்டையில நிண்ட கோலத்தில கீறின படம். பாய்வண்டியில கைதியை ஏத்தி விளையாடினதும், எங்கட கரைக்குக் கப்பல் அனுப்பினதும் ஒரே ஆள், ஒரே காலம். பிறகு நடந்த 150 வருசக் கதையை இஞ்ச நான் சொல்லத் தேவையில்லை.

சரி, வண்டிக்கு வருவம். ஸ்டெவினின்ர வண்டியில இருந்தது கப்பற்பாய் மாதிரிச் சதுரப் பாய். காத்து பின்னால இருந்தோ பக்கத்தால இருந்தோ வந்தா ஓடும். முகத்துக்கு நேரா வந்தா ஓடாது. காத்து மாறாமல் நிண்டால் போன வழியில திரும்பி வர குதிரைதான் வேணும். வேகத்தைப் பாட்டாப் பாடி, 1603இல செப்புத்தகட்டில படமாயும் வெட்டிப்போட்டினம். குதிரைக்குப் பாட்டு இல்லை.

250 வருசம் தள்ளி, அமெரிக்காவில கன்சாஸ். கொலராடோவில பொன் கிடைக்குது எண்டு சனம் மேற்கால ஓடின காலம். சாமுவேல் பெப்பார்ட் எண்டவர் 1860இல நாலு சில்லு வண்டிக்குப் பாய் கட்டி, மூண்டு கூட்டாளிகளோட டென்வர் நோக்கிப் போனார். கிட்டத்தட்ட 500 மைல் ஓடியும்விட்டினம். டென்வருக்கு 50 மைல் இருக்கேக்க ஒரு புழுதிச் சுழல் வண்டியைத் தூக்கி அடிச்சுது. சில்லு சிதறிப்போச்சு. மிச்ச வழியை வேற ஆக்களின்ர வண்டியில தொத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தினம். பாய்வண்டி வரலாற்றில காத்து கைவிட்ட இடத்தில வந்து நிக்கிறது எப்பவும் ஆற்றையோ சாதாரண வண்டிதான்.

விளையாட்டா இது துவங்கினது 1898இல பெல்ஜியத்தின்ர டி பன்னெ கடற்கரையில. டுமோன் சகோதரர்கள் எண்ட ரெண்டு பேர் முதல் வண்டியைச் செய்தினம். 1909இல அங்க போட்டியே நடந்தது. அதே வருசம் விமானத்தில ஆங்கிலக் கால்வாயைத் தாண்டின லூயி பிளேரியோவும் பிரான்சின்ர ஹார்தெலோ கடற்கரையில பாய்வண்டி ஓட்டித் திரிஞ்சவர்தான். ஏரோப்ளாஜ் எண்டு தன்ர வண்டிக்கு ஒரு பேரும் வைச்சார். இந்தக் காலத்து வண்டிகள் பாரமான மரம், பெரிய சில்லு. அதுகள் எங்கயும் போறதில்லை. கடற்கரையில கொட்டில், கொட்டிலுக்குள்ள வண்டி. காசுக்காரர் ரெயிலில வருவினம், வேலைக்காரன் வண்டியை வெளியால உருட்டி விடுவான். கடற்கரையில வீடு இல்லாத ஆளுக்கு இந்த விளையாட்டு இல்லை.

அதை மாத்தினது ஒரு பேப்பர் கந்தோர் எண்டு சொன்னால் நம்புவீங்களோ தெரியாது. அதுவும் மணலில இல்லை, பனிக்கட்டியில.

பாய்வண்டிக்கு ஒரு அண்ணன் இருக்கு. உறைஞ்ச ஏரியில சில்லுக்குப் பதிலா இரும்புத் தகடு பூட்டி ஓடுறது. 19ஆம் நூற்றாண்டில அமெரிக்காவின்ர ஹட்சன் ஆத்தில இதுகள் ராட்சதங்களா இருந்தது. ஜோன் ரூஸ்வெல்ட்டின்ர ஐசிக்கிள் எண்ட வண்டி 68 அடிக்கு மேல நீளம், 1,000 சதுர அடிக்கு மேல பாய். பணக்காரன்ர பொம்மை. ஒரு ஆத்தை விட்டு இன்னொரு ஆத்துக்கு இதைக் கொண்டுபோறதை யோசிச்சுப் பாருங்கோ. 1930களில பொருளாதார மந்தம். டெட்ரோய்ட் நியூஸ் எண்ட பத்திரிகை தன்ர ஆதரவில ஒரு கைவேலைப் பட்டறை நடத்தினது. 1937இல அங்க சேர்ந்த ஆக்கள் ஒரு சின்ன வண்டி செய்தினம். உடல் 12 அடி, குறுக்குப் பலகை 8 அடி, பாய் 60 சதுர அடி. சாதாரண மரவேலை தெரிஞ்ச ஆள் செய்யலாம். செய்து முடிச்சு, கழட்டி, காரின்ர கூரையில கட்டிக்கொண்டு போகலாம். பத்திரிகையின்ர பேரின் முதல் எழுத்துகளாலயே அதுக்கு டிஎன் எண்டு பேர். இண்டைக்கும் உலகத்தில அதிகம் பேர் ஓட்டுற பனிப்பாய்வண்டி அதுதான்.

என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில இதுதான் பெரிய திருப்பம், 225 கிலோமீற்றர் இல்லை. முதன்முதலா காத்தை மட்டும் பார்க்காமல் காரின்ர கூரையையும் பார்த்து வண்டி வரைஞ்சிருக்கு. எந்த ஏரி உறைஞ்சிருக்கோ அந்த ஏரிக்கு வண்டி போகும். பாய்வண்டிக்கு ஊர் இல்லாமல் போனது அண்டைக்குத்தான்.

மணல் வண்டிக்காரரும் இதே வழியில வந்தினம், கொஞ்சம் பிந்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில சாதாரண குடும்பத்துக்கும் கார் வந்தது. 1962இல சர்வதேசச் சம்மேளனம் உருவாகி, வகுப்புகள் பிரிச்சு, இந்த வருசம் பெல்ஜியம், அடுத்த வருசம் ஜேர்மனி எண்டு போட்டி சுத்தத் துவங்கினது. கூரை காணாது. அப்ப வந்ததுதான் ட்ரெயிலர். இவைக்கு முன்மாதிரி கிளைடர் விமானக்காரர். 1920களிலேயே ஜேர்மனியில மலையில இருந்து கிளைடரில பறந்தவை, எங்கயாவது வயலில இறங்கினால் இறக்கையைக் கழட்டி ட்ரெயிலரில போட்டுக் கொண்டுவரப் பழகிட்டினம். நீளமான, பாரமில்லாத, லேசில உடையுற சாமானை றோட்டில கொண்டுபோற வித்தை அவையிட்ட இருந்துதான் பரவினது.

என்ர சின்ன மாமா வன்னியில ட்ரக்டர் பெட்டி செய்யிற ஒரு கராஜில கனகாலம் வெல்டிங் வேலை செய்தவர். பாய்வண்டி ட்ரெயிலரின்ர படங்களை அவருக்கு ஃபோனில காட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாப் பார்த்துப்போட்டுச் சொன்னார்: "இது பாரமில்லாத பாரம் பிள்ளை. உதைத்தான் கட்டுறது கஷ்டம்."

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. ஒரு போட்டி வண்டி ஏறக்குறைய 100 கிலோ. ரெண்டு வண்டியை ஏத்தினாலும் 200 கிலோ. சந்தையில வாங்குற ட்ரெயிலரின்ர வில்லு 750 கிலோவுக்குச் செய்தது. ஏனெண்டால் ஐரோப்பாவில சாதாரண கார் லைசன்சோட, தனிப் பிறேக் இல்லாமல் இழுக்கக்கூடிய எல்லை 750 கிலோ. கடைக்காரர் அந்த எல்லைக்கே செய்து விப்பினம். அவ்வளவு இறுக்கமான வில்லுக்கு 200 கிலோ ஒரு பாரமே இல்லை. அது வளையாது. றோட்டுப் பள்ளத்தில சில்லு விழுந்தால் ட்ரெயிலர் முழுக்கத் துள்ளும். அந்த அடி எல்லாம் நேர பைபர் உடம்புக்குப் போகும். போட்டிக்குப் போய் இறக்கிப் பார்த்தால் வண்டியில வெடிப்பு. அதனால விசயம் தெரிஞ்ச ஆக்கள் ட்ரெயிலரைப் பெலமாக் கட்டுறதை விட மெத்தெண்டு கட்டத்தான் பாடுபடுவினம். குறைஞ்ச பாரத்துக்கான அச்சைத் தேடி வாங்குவினம், அல்லது இலைவில்லில ஒரு இலையைக் கழட்டுவினம்.

மாமாவுக்கு உடன விளங்கின மற்ற விசயம், பாரத்தை எங்க வைக்கிறது எண்டது. ஒற்றை அச்சுப் பெட்டியில பாரம் பின்னுக்குப் போனால் முன்கொழுவி மேல எழும்பும், வேகத்தில ட்ரெயிலர் பாம்பு மாதிரி நெளியத் துவங்கும். நெளிவு துவங்கினால் காரையும் சேர்த்து றோட்டை விட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். முன்னுக்குக் கூடினாலும் பிழை, காரின்ர முன்சில்லு பிடி விடும். மொத்த நிறையில 5இல இருந்து 7 வீதம் வரைக்கும் கொழுவியில இருக்க வேணும் எண்டது பொதுக்கணக்கு. 400 கிலோ ட்ரெயிலர் எண்டால் 20இல இருந்து 28 கிலோ. இதை அளக்க ஒரு கருவியும் தேவையில்லை. வீட்டில ஆக்கள் ஏறி நிக்கிற தராசைக் கொழுவிக்குக் கீழ வைச்சு, நடுவில ஒரு கட்டையைக் குடுத்து, ட்ரெயிலர் மட்டமா நிக்கேக்க பார்த்தால் சரி. காணாட்டில் சில்லுப்பெட்டியை முன்னுக்குத் தள்ளு. கூடினால் பின்னுக்குத் தள்ளு. அதுக்காகவே சில்லுகளையும் ஆயுதங்களையும் போடுற பெட்டியை நகர்த்துற மாதிரிப் பூட்டுறவையும் இருக்கினம்.

இழுக்கிற தண்டு நீளமா இருக்க வேணும். ரெண்டு காரணம். ஒண்டு, நீளத்தண்டு உள்ள ட்ரெயிலர் நெளியிறது குறைவு, பின்னுக்கு எடுக்கேக்கயும் சொல்வழி கேக்கும். ரெண்டாவது, பாய்வண்டியின்ர மூக்கு ட்ரெயிலரைத் தாண்டி முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்கும். தண்டு கட்டையெண்டால் முதல் வளைவிலேயே அது காரின்ர பின்கண்ணாடிக்குள்ள போகும். நேரா நிப்பாட்டி வைச்சு அளந்துபோட்டுச் சரியெண்டு நினைக்கக்கூடாது. காரை முழுக்க ஒடிச்சுத் திருப்பி வைச்சு அளக்க வேணும்.

அடுக்கிறது ஒரு தனிக்கலை. பின்சில்லுகள் பூட்டின குறுக்குத் தண்டைக் கழட்டி நீளவாக்கில போட்டால் அகலப் பிரச்சினை முடியும். உடம்புகள் ஒண்டுக்கு மேல ஒண்டா, பக்கவாட்டுக் கைகளில. கைகளுக்கு மேல பழைய கார்ப்பெட் துண்டு. உடம்பு எங்க உள்ளுக்குப் பலமா இருக்கோ அந்த இடத்திலதான் கை தாங்க வேணும். வெறும் தகட்டில தாங்கினால் குழி விழும். பாய்மரத்தை ரெண்டு முனையில மட்டும் தாங்கக்கூடாது, நடுவிலயும் ஒண்டு வேணும், இல்லாட்டில் றோட்டு நீளத்துக்கும் அது ஊஞ்சல் ஆடும். தண்ணிக் குழாயில மரங்களைச் செருகி மூடி போட்டுக் கொண்டுபோறவையும் இருக்கினம். பாய் மடிக்கக்கூடாது, சுருட்ட வேணும். கட்டுற நாடாவில ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காத்தில உறுமாது. நேரா விட்டால் 500 கிலோமீற்றருக்கும் மண்டைக்குள்ள வண்டு மாதிரி இரையும். கடைசியா ஏத்தினதுதான் முதலில இறங்கும் எண்டதால, மழை பெய்யிற கடற்கரையில முதலில என்ன தேவை எண்டு யோசிச்சுத்தான் வீட்டு முத்தத்தில ஏத்தத் துவங்க வேணும்.

பிறகு உப்பு. பாய்வண்டிக்காரர் போறதெல்லாம் கடற்கரையும் உப்பேரியும். வெளியால பெயின்ற் அடிச்சுப் பளபளவெண்டு இருக்கிற பெட்டி இரும்பு உள்ளால கறள் பிடிச்சு, ஒருநாள் திடீரெண்டு விழும். அதுக்காக கல்வனைஸ் பண்ணின இரும்பு, தண்ணி வடிய அடியில ஓட்டை. சில்லுப் பெயாரிங்குக்கு கிறீஸ். லைற் எரியாட்டில் பல்ப்பை மாத்த முன்னம் ஏர்த் வயரைப் பார் எண்டது எல்லா நாட்டுக்கும் பொதுவான வேதம். கறள் பிடிச்ச இடத்தில ஏர்த் அறுந்திருக்கும்.

எல்லாம் சரியாச் செய்து றோட்டில ஏறினால், ஜேர்மனியில ட்ரெயிலர் இழுக்கிற காருக்குச் சாதாரண வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர். மணலில 100ஐத் தாண்டி ஓடுற வண்டியை 80இல இழுத்துக்கொண்டு போகினம். இது எனக்குச் சிரிப்பைத் தாற விசயம்.

நாடு தாண்டிப் போட்டி எண்டால் ட்ரெயிலரும் காணாது, கொள்கலன் வேணும். 20 அடிக் கொள்கலனுக்கு உள்நீளம் 5.9 மீற்றர் அளவுதான். மூண்டாம் வகுப்பின்ர பாய்மரம் 6.1 மீற்றர். ஒரு சாண் பிரச்சினை. உள்ளகலம் 2.35 மீற்றர் எண்டதால மூலைக்கு மூலை சரிச்சு வைச்சால் 6.3 மீற்றர் வரைக்கும் போகும். பள்ளிக்கூடத்தில பைதகரஸ் தேற்றம் எதுக்கு எண்டு கேட்ட ஆக்களுக்கு இதைச் சொல்லுங்கோ.

ட்ரெயிலரே உதவாத இடத்துக்கும் போயிருக்கினம். 1967இல ஜான் டு பூஷே எண்ட பிரெஞ்சு இராணுவக் கேணல், பல நாட்டு ஓட்டிகளைச் சேர்த்துக்கொண்டு அல்ஜீரியாவின்ர கொலோம்-பெஷாரில இருந்து மொரிட்டேனியாவின்ர நுவாக்சொட் வரைக்கும், ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர், சகாராவைப் பாய்வண்டியில தாண்டினார். நஷனல் ஜியோகிராபிக் அந்த வருசம் நவம்பர் இதழில பெரிசாப் போட்டது. வீரக்கதைதான், மறுக்கேல்ல. ஆனா அல்ஜீரியா விடுதலை பெற்று அஞ்சு வருசம்தான் ஆகியிருந்தது. அந்தக் கொலோம்-பெஷாருக்குப் பக்கத்திலதான் பிரான்ஸ் தன்ர ரொக்கெற் பரிசோதனைத் தளத்தை ஒப்பந்தப்படி 1967 வரைக்கும் வைச்சிருந்தது. ஊரின்ர பேரில இருந்த கொலோம் கூட ஒரு பிரெஞ்சு அதிகாரிதான். இப்ப அது வெறும் பெஷார். எழுபது வருசத்துக்கு முதல் கடற்கரையில வேலைக்காரன் உருட்டி விட்ட வண்டி, இஞ்ச ஒரு பேரரசின்ர கடைசி வருசத்தில, அது போட்டு வைச்ச பாதைகளில ஓடினது. காத்து எல்லாருக்கும் பொது எண்டு சொல்லலாம். தரை அப்படியில்லை.

ரிச்சர்ட் ஜென்கின்ஸ் எண்ட பிரித்தானியரின்ர கதையும் ஏத்தி இறக்கின கதைதான். 2009 மார்ச் 26இல கிரீன்பேர்ட் எண்ட வண்டியில மணிக்கு 202.9 கிலோமீற்றர் ஓடி உலகச் சாதனை வைச்சவர். ஹொரொனுக்கு முறியடிச்சது அதைத்தான். அந்த ஒரு ஓட்டத்துக்கு முன்னால பத்து வருசம். மேற்கு அவுஸ்திரேலியாவில லெஃப்ரோய் ஏரிக்குக் கொண்டுபோனால் மழை பெய்து தரை ஈரம். கடைசியா அமெரிக்காவில கலிபோர்னியா - நெவாடா எல்லையில இவான்பா எண்ட காய்ஞ்ச ஏரியிலதான் தரையும் காத்தும் ஒருநாளில சரிவந்தது. ஹொரொனுக்கு அணிக்கும் இதே வில்லங்கம்: கெயார்ட்னர் ஏரியில மழைத்தண்ணி நிண்டு, மாதக்கணக்கில காத்திருந்தவை. சாதனை ஓட்டம் சில நிமிசம். மிச்சமெல்லாம் பொதி கட்டுறதும் பொதி அவிழ்க்கிறதும் வானத்தைப் பார்க்கிறதும்.

எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். 2008, 2009இல ட்ரக்டர் பெட்டிக்குள்ள எதை ஏத்துறது, எதை விடுறது, எது மேல, எது கீழ எண்டு முடிவெடுத்த சனம். அந்தப் பெட்டிகளில சிலதை மாமா வேலை செய்த கராஜிலதான் செய்தது. அவரிட்ட அதைப் பற்றிக் கேட்டால் அச்சின்ர அளவை மட்டும்தான் சொல்லுவார்.

கடைசியா, ட்ரெயிலருக்கு எதிரா நடந்த ஒரு சின்னக் கலகத்தையும் சொல்ல வேணும். ட்ரெயிலர் வந்ததால கடற்கரையில வீடு இல்லாதவனுக்கும் விளையாட்டுக் கிடைச்சது எண்டது உண்மை. ஆனா கார் வேணும், கொழுவி வேணும், ட்ரெயிலரை நிப்பாட்ட வளவு வேணும். மாடிவீட்டில வாடகைக்கு இருக்கிற இளம் ஆளிட்ட இதொண்டும் இல்லை. பிரான்சின்ர வடகரையில கழகங்கள் தங்கட கொட்டகையிலயே வண்டி வைச்சிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழக்கிறது இதுக்கு ஒரு மறுமொழி. இன்னொரு மறுமொழி 5.60 எண்ட சின்ன வகுப்பு. அதுக்கு விதி சுலபம்: மூண்டு சில்லையும் சுத்தி ஒரு கயிறு போட்டால் கயித்தின்ர நீளம் 5.60 மீற்றருக்கு மேல போகக்கூடாது. பாய் எவ்வளவும் வைச்சுக்கொள். ஆனா இவ்வளவு சின்ன வண்டியில எவ்வளவு பாயை உன்னால தாங்க ஏலும்? கழட்டினால் சாதாரண காருக்குள்ள போகும்.

2000ஆம் ஆண்டையொட்டி நியூசிலாந்தின்ர பப்பமோவா எண்ட கடற்கரை ஊரில போல் பெக்கெட் எண்டவர் இதை இன்னும் ஒருபடி கொண்டுபோனார். அவர் செய்த புளோகார்ட் எண்ட வண்டி 29 கிலோ. மடிச்சால் ஒரு பைக்குள்ள போகும். கார் டிக்கி காணும், கொழுவியும் தேவையில்லை, தராசும் தேவையில்லை.

மாமாவுக்கு அதின்ர படத்தையும் காட்டினன். "29 கிலோ எண்டால் ஒரு மூட்டை அரிசியை விடப் பெரிசில்லை, பஸ்ஸில போடலாம்" எண்டார். கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "ஆனா கொண்டக்டர் ரெண்டு டிக்கெட் கேப்பான்" எண்டு சொன்னார்.